மூத்தவளுக்கு ஒரு பழைய கார்

"என்ன கார் எடுக்கலாம்?" என்று கேட்டால் களுவாஞ்சிகுடியில் பதில் சொல்லாத ஆள் இல்லை. மரக்கறி வாங்கப் போன இடத்தில் கடைக்காரத் தம்பி வெகன் ஆர் என்றார், அலுவலகத்தில் ஒருவர் ஹைபிரிட் பக்கமே போகாதீங்க என்றார், மச்சாள் ஒருத்தி கலரைப் பற்றி மட்டும் அரை மணித்தியாலம் பேசினாள். ஒரு மாதம் இப்படியே போய், கடைசியில் நாங்கள் எடுத்தது இவர்கள் யாரும் சொல்லாத ஒரு கார்.

மூத்தவளுக்கு 19 வயது. ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு மட்டக்களப்பு டவுனில் கணக்கியல் படிக்கிறாள். வகுப்பு முடிய இரவு ஏழு மணியாகும், அதற்குப் பிறகு வருகிற பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. ஸ்கூட்டி வாங்கித் தாங்க என்றுதான் முதலில் கேட்டாள். கல்முனை வீதியில் இருட்டினால் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நடு ரோட்டில் மாடு படுத்திருக்கும், மண் ஏற்றின டிப்பர் பின்னால் வந்து ஹோன் அடிக்கும், காத்தான்குடிக்குள் பேரீச்ச மரங்களைத் தாண்டும்வரை எந்தப் பக்கத்திலிருந்து ஓட்டோ கிறுகும் என்று கடவுளுக்கே தெரியாது. கத்தாரிலிருந்து என் வீட்டுக்காரர் வட்ஸ்அப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஸ்கூட்டி வேணாம், காரைப் பாருங்க." பார்க்க வேண்டியது யார், நானும் என் தம்பியும்.

வங்கிக் கடன், சீட்டுக் காசு, இவர் அனுப்பினது எல்லாம் சேர்த்து 40 இலட்சம். இன்னொரு நாட்டில் இந்தக் காசுக்குப் புதுக் கார் வரும் என்று சொல்வார்கள். இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில், பழசாகப் பழசாகக் காருக்கு விலை ஏறியது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் புதுக் கார் எங்கள் கைக்கு எட்டவில்லை. அதனால் தினமும் இரவு சாப்பிட்டுவிட்டு, இக்மன், ரியாசெவன என்ற இணைய விளம்பரத் தளங்களை மாறி மாறிப் பார்ப்பதுதான் வேலை.

மகளுக்குச் சிவப்பு ஸ்விஃப்ட் வேண்டும். தம்பிக்கு ஆல்டோ 800 வேண்டும், ஏனென்றால் பெற்றோல் குறைவு, சாமான் மலிவு, எந்த மூலையிலும் திருத்தலாம். அவன் சொன்னது எல்லாமே சரிதான். ஆனால் 2014இல் குளோபல் என்கெப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்ற சின்னக் கார்கள் ஐந்தை மோதவிட்டுப் பார்த்தது. எயார்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூச்சிய நட்சத்திரம், அதில் ஆல்டோ 800உம் ஒன்று. இங்கே ஓடுவதும் இந்தியாவிலிருந்து வந்த அதே ஆல்டோதான். நாற்பது வயதில் ஆறுதலாக ஓடுகிற ஒரு மனிதர் அதை வாங்கினால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். லைசன் எடுத்து மூன்று மாதமான பிள்ளைக்கு, எங்காவது ஒருநாள் அடிபடும் என்று நினைத்துத்தான் கார் பார்க்க வேண்டும். வாயில் வைக்கக்கூடாத சொல்தான், ஆனாலும் நான் அப்படித்தான் பார்த்தேன். தம்பி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பேப்பர் தெரியும். பிரதேச செயலகமொன்றில் வாகன வருமான அனுமதிப்பத்திரம் கொடுக்கிற கவுண்டரில் சில வருடம் இருந்தவள் நான். ஓபன் பேப்பரில் கார் வாங்கிவிட்டு வந்து நிற்கிற ஆட்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சீஆர் என்கிற வாகனப் பதிவுப் புத்தகத்தில் பெயர் குருநாகலில் இருக்கிற யாரோ ஒருவருக்கு, அவரிடம் வாங்கினவர் மாற்றாமலே விற்றார், அவரிடம் வாங்கினவரும் மாற்றவில்லை, கடைசியாக வாங்கினவர் கையில் இருப்பது ஒரு கையெழுத்து வைத்த வெற்றுப் படிவமும் மங்கிப்போன அடையாள அட்டைப் பிரதியும். முதல் ஆள் மௌத்தாகியிருந்தாலோ வெளிநாட்டுக்குப் போயிருந்தாலோ அவ்வளவுதான். இன்னும் சிலருக்கு, லீசிங் முடியாத காரை முடிந்தது என்று சொல்லி விற்றிருப்பார்கள். புத்தகத்தைத் திறந்தாலே தெரியும், கம்பனியின் பெயர் அதில் ஏறியிருக்கும். ஆனால் திறந்து பார்க்கிறவர் யார்? எல்லோரும் சீட் கவரைப் பார்ப்பார்கள்.

அதனால் நான் வைத்த சட்டம் ஒன்றுதான். விற்கிற ஆளின் அடையாள அட்டையும் சீஆர் புத்தகமும் ஒரே பெயராக இருக்க வேண்டும், சேஸி இலக்கத்தைக் காரிலேயே குனிந்து பார்த்துப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும், இல்லையென்றால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே சொல்லமாட்டேன். இந்தச் சட்டத்திலேயே நாலு கார் போய்விட்டது. ஒரு புரோக்கருக்குக் கோபம்கூட வந்தது. "அக்கா, எல்லாரும் இப்பிடித்தான் வாங்குறாங்க" என்றார், என்னைப் பார்த்து இல்லை, தம்பியைப் பார்த்து. கார் பார்க்கப் போகிற பெண்களுக்கு இது ஒரு தனித் தலையிடி. காசு நம்முடையது, கேள்வியும் நம்முடையது, பதில் மட்டும் பக்கத்தில் நிற்கிற ஆம்பிளைக்குப் போகும்.

பேப்பர் சரியாக இருந்து ஏமாறப் பார்த்த கதையும் உண்டு. டவுனில் ஒரு கார், மேல் மாகாண இலக்கம், வெள்ளை, மீற்றரில் 62,000 கிலோமீற்றர். மகள் ஏறி இருந்து செல்ஃபியும் எடுத்துவிட்டாள். எங்களோடு வந்த கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், அதிகம் பேசாத மனிதர். பொனட்டைத் திறந்து மூடினார், உள்ளே எட்டி மூக்கால் ஒருமுறை இழுத்தார், பிறகு சாரதியின் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். வழக்கமாக நாம் இழுக்கிற அளவு இல்லை, சுருளில் ஒன்றும் மிஞ்சாத அளவுக்கு. கடைசி ஒரு முழத்தில் மண்ணிறத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே துணி மொறமொறவென்றிருந்தது. அடுத்து சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் தண்டவாளத்தைத் தடவி விரலை என்னிடம் காட்டினார். துரு. "தண்ணி குடிச்ச கார்" என்றார், அவ்வளவுதான்.

எங்கே குடித்தது என்று யாருக்கும் தெரியாது. 2016 மேயில் களனி கங்கை பெருகினபோது கொழும்புப் பக்கம் எத்தனையோ கார் மூழ்கியது. நாங்கள்கூட 2011 ஜனவரியில் வெள்ளம் பார்த்தவர்கள்தான். கார்ப்பெட்டைக் கழுவி, வாசனைக் குப்பி ஒன்றைத் தொங்கவிட்டால் வாங்குகிறவருக்கு விளங்காது. ஆறு மாதம் கழித்துத்தான் வயரிங் ஒவ்வொன்றாக வேலையைக் காட்டும், ஒருநாள் வைப்பர் வேலை செய்யாது, இன்னொரு நாள் ஹெட்லைட். இரவு ஏழரைக்குத் தாழங்குடாவில் ஹெட்லைட் இல்லாமல் நிற்கிற என் பிள்ளையை நினைத்துப் பார்த்தேன். வந்துவிட்டோம்.

பாஸோடு சுற்றின அந்த மூன்று வாரத்தில் நான் படித்தது கொஞ்சமில்லை. கார் பார்க்கப் போகும்போது "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், போனதும் பொனட்டில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் ஏதோ ஒரு கஷ்டத்தை மறைக்கிறார்கள். சூடாறின எஞ்சினில் ஓயில் மூடியைக் கழற்றினால் உள்ளே பால்தேத்தண்ணி மாதிரி நுரை ஒட்டியிருக்கக்கூடாது, இருந்தால் தண்ணீரும் ஓயிலும் கலக்கலாம், ஹெட் கஸ்கட் செலவு வரலாம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஓயிலைக் குடிக்கிறது. கண்ணாடி ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு முத்திரை இருக்கும், ஒன்று மட்டும் வேறு கம்பனி என்றால் அது ஏன் உடைந்தது என்று கேட்க வேண்டும். எங்கள் கரையோரத்தில் இன்னொன்று கூடுதலாக, டிக்கியில் ஸ்பேர் வீலைத் தூக்கி அடித்தட்டைப் பார்க்காமல் வரக்கூடாது. உப்புக் காற்று மேலே பெயின்ற்றைத் தொடமுதல் கீழே தின்னத் தொடங்கிவிடும். 60,000 ஓடின காரில் பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மீற்றர் பொய் சொல்லலாம்.

கடைசியில் கார் கிடைத்தது பெரியகல்லாற்றில். விளம்பரம் போடாத கார். இளைப்பாறின ஒரு ஐயா, கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓடுவதில்லையாம், அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் போனோம். 2002ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ், 1000 சிசி, ஓட்டோ கியர், நிறம் என்னவென்று சொல்ல முடியாத ஒரு நிறம். முருங்கை மரத்துக்குக் கீழே நின்றது, கூரை முழுக்கக் காகம்.

நாங்கள் கதிரையில் இருக்கவும் அவர் சொன்ன முதல் சொல்: "மகள், ஏசி கூலிங் காணாது. இடப்பக்கக் கண்ணாடி இறங்கினா ஏறாது, கையால தூக்கி விடணும். பின் பம்பர்ல ஒருக்கா மதில்ல தட்டினன்." தம்பி என்னைப் பார்த்தான், நான் தம்பியைப் பார்த்தேன். ஒரு மாதத்தில் குறையை வாயைத் திறந்து சொன்ன முதல் மனிதர். சீஆர் புத்தகத்தில் அவருடைய பெயர், கதவின் உள்விளிம்பில் ஓயில் மாற்றின சிட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினபடி. கோட்டைக்கல்லாற்றுப் பாலம் வரை ஓடிவிட்டு வந்தோம். பாஸ் நேர்ச் சாலையில் ஸ்டியரிங்கை ஒருகணம் விட்டார், இழுக்கவில்லை. கொஞ்ச வேகத்தில் பிரேக் அடித்தார், ஒரு பக்கம் சாயவில்லை. ரயர் மட்டும் "கழட்டி எறியுங்க" என்றார். ரோட்டில் படுகிற பூ வெட்டு நன்றாக இருந்ததே என்று நான் கேட்டதற்கு, ரயரின் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார். 2314. அதாவது 2014ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. ஓடாமல் நின்றதால் பூ தேயவில்லை, ரப்பர் மட்டும் கிழண்டிவிட்டது. விலையில் அந்த ஐயா ஒரு சதம்கூட இறங்கவில்லை, ரயருக்கு என்று மட்டும் 25,000 குறைத்தார்.

எயார்பேக் விஷயத்தில் நான் விடாமல் நின்றேன். சாவியை ஒன் பண்ணினதும் டாஷ்போர்டில் எயார்பேக் லைட் எரிந்து, சில செக்கனில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், யாரோ பல்ப்பைக் கழற்றியிருக்கலாம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2000களில் வந்த பல ஜப்பான் கார்களில் தகாட்டா கம்பனியின் எயார்பேக் இருந்தது. உள்ளே இருக்கிற அமோனியம் நைத்திரேற்று, வெக்கையிலும் ஈரப்பதத்திலும் பல வருடம் கிடந்து கெட்டுப்போய், விரிகிற நேரத்தில் உலோகத் துண்டுகளை முகத்துக்கு வீசும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் திருப்பிக் கூப்பிட்டார்கள், 2017இல் கம்பனியே வங்குரோத்தானது. வெக்கையும் ஈரமும் என்றால் எங்கள் ஊரேதான். அதனால் அட்வான்ஸ் கொடுக்கமுதல் சேஸி இலக்கத்தைக் கொடுத்துக் கார் கம்பனியின் ஏஜன்டிடம் கேட்டு எழுத்தில் பதில் எடுத்தேன். பழைய ஜப்பான் கார் வாங்குகிற எல்லோரும் ஒரு ஃபோன் கோலாவது எடுங்கள், காசு செலவில்லை.

40இல் மூன்று இலட்சத்தைத் தொடாமல் வைத்திருந்தேன், நல்லவேளை. நாலு ரயர், பிரேக் பாட், பட்டரி என்று முதல் வாரத்திலேயே பெரும்பகுதி போனது. காப்புறுதி முழுக் காப்புறுதிதான், மூன்றாம் தரப்பு எடுத்தால் நாம் அடித்த மற்றவரின் வண்டிக்குக் கிடைக்கும், நம்முடையதுக்கு ஒன்றும் வராது. ஓடப்போவது 19 வயதுப் பிள்ளை என்று காப்புறுதி ஏஜன்டிடம் மறைக்காமல் சொன்னேன். புத்தகம் என் பெயரில். மகளுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல், இருக்கட்டும்.

காரை முதலில் பார்த்தபோது அவள் சொன்னது, "அம்மா, இது கிழவன்ட கார்." அதுதான் வேண்டும் என்றேன். வீதியில் யாரும் திரும்பிப் பார்க்காத கார், யாரோடும் போட்டிக்கு ஓட முடியாத கார். முதல் மூன்று மாதம் சிநேகிதிகளை ஏற்றக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி ஏறினால் பாட்டு, இரண்டு பேர் ஏறினால் சிரிப்பு, நாலு பேர் ஏறினால் ரோட்டை யார் பார்ப்பது?

போன கிழமை முதன்முதலாக டவுனுக்கு அவள் ஓட, நான் இடப்பக்கம் இருந்தேன். ஆரையம்பதி தாண்டும்வரை என் காலுக்குக் கீழே இல்லாத பிரேக்கை நானும் மிதித்துக்கொண்டே போனேன். காத்தான்குடிக்குள் ஒரு சைக்கிள் குறுக்கே கிறுகியது, அவள் மெதுவாக நிறுத்தினாள், எனக்கு நெஞ்சு அடித்தது, அவளுக்கு ஒன்றுமில்லை. கல்லடிப் பாலத்தில் காற்று நன்றாக வருமே என்று நினைப்பில்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டேன். பாலம் முடிய மழை பிடித்தது. இரண்டு கையாலும் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்க நனைந்துபோய் டவுனில் இறங்கினேன். கண்ணாடி மோட்டார் வர இரண்டு கிழமையாகும் என்று பாஸ் சொல்லியிருக்கிறார்.