கோட்டாற்றில் ஒரு காலை

நேற்று காலைத் திருப்பலி முடிந்ததும் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயம் பிள்ளையின் கல்லறையருகே கொஞ்ச நேரம் முழங்காலில் இருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி முந்தானை நுனியைக் கல்லறைமேல் ஒற்றி, அதைக் கண்ணில் வைத்துக்கொண்டார். உதடுகள் மட்டும் அசைந்தன.

தேவசகாயம் பிள்ளை 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர். இயற்பெயர் நீலகண்டன். மார்த்தாண்ட வர்மா காலத்தில் திருவிதாங்கூர் அரசு அதிகாரி. குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் வழியாக இயேசுவை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அப்புறம் பதவி போனது. விலங்கு மாட்டி, எருமைமேல் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

எனக்கு அந்த எருமைதான் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. நேற்றுவரை கைகட்டி நின்றவர்கள் வேடிக்கை பார்க்க, அவர்கள் நடுவில் அப்படிப் போவதற்கு எவ்வளவு பிடிமானம் வேண்டும்! சாவைவிட அதுதான் கடினம் என்று நினைக்கிறேன். 1752 ஜனவரி 14, காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது வீட்டில் எல்லோரும் அழுதோம்.

இந்த மாதம் எனக்கு ஒரு பெரிய பொறுப்பு தேடி வந்தது. நல்ல சம்பளம், நாலு பேர் மதிக்கும் பெயர். ஆனால் ஞாயிறு பூசையையும் மறைக்கல்வி வகுப்பையும் விட வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு வருத்தம், இன்னும் சரியாகப் பேசவில்லை. அதைத்தான் கல்லறையருகே சொல்லி ஜெபித்தேன்.

வரும் ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு இவர் கதைதான்.