சம்பா, குறுவை, ஒரு 'தட் ஆஃப்'

பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறவர்களுக்கு எர்ரர் ஸ்பாட்டிங், அதாவது இங்கிலீஷ் வாக்கியத்தில் தப்பைக் கண்டுபிடிக்கிற கேள்வி, படுத்துற பாடு தெரிந்திருக்கும். கிளார்க் பிரிலிம்ஸில் இங்கிலீஷுக்கு 30 கேள்வி, 20 நிமிஷம். தப்பாகப் போட்டால் கால் மார்க் காலி. மன்னார்குடியில் நான் போன கோச்சிங்கில் கம்பேரிட்டிவுக்கு, அதாவது ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுற வாக்கியத்துக்கு, பக்கம் பக்கமாக ரூல்ஸ் கொடுத்தார்கள். எல்லாம் மனப்பாடம். ஆனால் கேள்வியைப் பார்த்தால் எந்த ரூல் என்று பிடிபடாது.

கூடப் படித்த அக்கா ஒருத்தர்தான் வழி சொன்னார். "ரூலை விடு தம்பி. எதை எதோட ஒப்பிடுறான்னு மட்டும் பாரு." நோட்டில் எழுதிக் காட்டினார்: 'தி டியூரேஷன் ஆஃப் சம்பா இஸ் லாங்கர் தேன் குறுவை.' எங்கள் வீட்டில் குறுவைக்கு ஆடுதுறை 43 நெல் ரகம், சம்பாவுக்கு சி.ஆர். 1009. முன்னது 110 நாளில் அறுப்புக்கு வந்துவிடும், பின்னது 155 நாளாவது இழுக்கும். அப்புறம் இதில் என்ன தப்பு?

"இந்தப் பக்கம் வயசு நிக்குது, அந்தப் பக்கம் பயிரு நிக்குது. வயசை வயசோட வை" என்றவர், 'தேன் தட் ஆஃப் குறுவை' என்று திருத்தினார்.

'எனி அதர்' சமாச்சாரமும் இதே கேள்வியில் அடங்கிவிட்டது. 'காவிரி இஸ் லாங்கர் தேன் எனி ரிவர் இன் தமிழ்நாடு' என்றால் அந்த ஆறுகளில் காவிரியும் சேர்த்தி. தன்னைவிடத் தானே எப்படி நீளமாக இருக்கும்? 'அதர்' சேர்த்தால் தீர்ந்தது. சீனியர், சுப்பீரியர், பிரிஃபர் இதற்கெல்லாம் 'தேன்' கிடையாது, 'டு'தான். அதில் மட்டும் யோசிக்காமல் நெட்டுரு போடுங்கள்.

பேரலலிசம், அதாவது சேர்ந்து வருகிற சொற்கள் ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்பது, தனிப் பாடமாகவே எனக்குப் படவில்லை. 'டு ரீட் இஸ் ஈஸியர் தேன் ரைட்டிங்' என்பது ஒப்பீடுதானே? 'ரீடிங்' என்று மாற்றினால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. 'சோயிங், வீடிங் அண்ட் டு ஹார்வெஸ்ட்' மாதிரி வந்தால் 'அண்ட்' இருக்கிற இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

மல்லுக்கட்ட வைத்தது 'நாட் ஒன்லி'. 'ஹி நாட் ஒன்லி சோல்ட் பேடி பட் ஆல்சோ பிளாக் கிராம்.' நெல்லும் விற்றார், உளுந்தும் விற்றார், அர்த்தம் புரிகிறது, காதிலும் உறுத்தவில்லை. ஆனால் 'நாட் ஒன்லி'யை ஒட்டி 'சோல்ட்', 'பட் ஆல்சோ'வை ஒட்டி உளுந்து. 'சோல்ட்' முன்னால் போக வேண்டும்: 'ஹி சோல்ட் நாட் ஒன்லி பேடி பட் ஆல்சோ பிளாக் கிராம்.' இந்த வகைக்கு எனக்கு இன்னமும் இரண்டு வாசிப்பு வேண்டியிருக்கிறது. அதனால் ஹாலில் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். பிரிலிம்ஸ் தாண்டியாச்சு, மெயின்ஸுக்கும் அதே திட்டம்தான்.