துணி மடிக்காத ஜாக்கெட்

இடது மார்பை எடுத்த பிறகு ஜாக்கெட்டுக்குள் பழைய காட்டன் துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் திரிந்தேன், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் அது கழுத்துப் பக்கம் ஏறிவிடும். எடுத்த மார்பைத் திரும்ப உருவாக்கும் மறுசீரமைப்பு என்று ஒன்று இருப்பதையே ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ரேடியேஷன் வாங்கிய இடத்தில் சிலிக்கோன் பை வைத்தால் சுற்றிலும் தழும்பு இறுகிப்போகும் வாய்ப்பு அதிகமாம். சரி என்று அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து, நெஞ்சிலுள்ள குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைத்தார்கள். முதல் ராத்திரி முழுக்க நர்ஸ் மணிக்கொரு தடவை புது மார்பில் சூடு இருக்கிறதா, நிறம் மாறுகிறதா என்று தொட்டுப் பார்த்தார். எனக்குத்தான் தொட்டது தெரியவில்லை. காம்பும் இல்லை (பச்சை குத்திக்கொள்ளலாமாம், பார்ப்போம்). நேற்று அளவு கொடுக்கப் போனேன், டெய்லர் அக்கா டேப்பைச் சுற்றி எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.