அவசரத்துக்கு யாரை அழைப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குக் குடிவந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் பதவி 'அக்கா'. சம்பளம் கிடையாது. பல்கலைக்கழகப் படிவத்தில் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய உறவினர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் சிலர் என் கைபேசி எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரில் அப்பாவும் அம்மாவும் குத்துக்கல் போல் இருக்க, என் எண் எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு இந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சி வேலைக்காக இங்கே வந்தவள் நான். ரிசர்வாயர் ஹில்ஸ் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கிறேன். வீட்டுக்கார ஆன்ட்டியின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்ததோடு தொடங்கிய வரவு அது. ஆன்ட்டிக்குத் தமிழ் பேச வராது. ஆனால் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச ஒரு வருடமும் தவறமாட்டார். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். 'ஐயோ' மட்டும் இருவருக்கும் பொது.

சட்டத்தை வைத்துப் பார்த்தால் தென்னாப்பிரிக்காவைக் குறை சொல்ல முடியாது. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆவது பிரிவு, பாலீர்ப்பை, அதாவது யார் மீது ஈர்ப்பு வருகிறது என்பதைக் காரணம் காட்டி யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. உலகிலேயே இதை அரசியலமைப்பில் எழுதி வைத்த முதல் நாடு இதுதான். 2006இல் தன்பாலினத் திருமணமும் சட்டப்படி செல்லுபடியானது. நம் ஊரில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடி தளரவே 2018 செப்டம்பர் வரை காத்திருந்தோம். இங்குள்ள 1998ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தில், ஒடுக்குமுறைக்கு அஞ்சி அடைக்கலம் கேட்கக்கூடிய 'சமூகக் குழு' என்பதற்கான விளக்கத்தைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாலினம், பாலீர்ப்பு, உடல் குறைபாடு, வர்க்கம் என்று போகும் வரிசையில் சாதியும் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்களுக்கு அது நினைவில் இருந்திருக்கிறது!

இவ்வளவும் இருந்தும் பல்கலைக்கழக வாசலில் கதை வேறு. என்னோடு வேலை பார்க்கும் கொங்கோ நாட்டு ஆய்வு மாணவர் அடையாள அட்டையைக் காட்டினாலும் காவலாளி பாஸ்போர்ட்டையும் கேட்கிறார். அதே அட்டையை நான் நீட்டினால் தலையாட்டி உள்ளே விடுகிறார். 2008 மே மாதத்தில் வெளிநாட்டு ஆப்பிரிக்கர்கள் மீது நடந்த தாக்குதல்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2015 ஏப்ரலில் அதே வெறி டர்பன் தெருக்களிலும் கிளம்பியது. அதையெல்லாம் அறிந்தவரிடம் வாசலில் நின்று பாஸ்போர்ட் கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? படிப்பு விசா சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கடமை பல்கலைக்கழகத்துக்குச் சட்டப்படி உண்டு. அதைப் பதிவு அலுவலகம் சேர்க்கையின்போதே பார்த்துவிடுகிறது. காவலாளி தினமும் எல்லைக் காவல் செய்ய வேண்டியதில்லை.

போன வருடம் தமிழ்நாட்டின் கொங்கு வட்டாரப் பையன் ஒருவனின் விடுதி அறைக் கதவில் யாரோ கறுப்பு மார்க்கரால் அசிங்கமாக எழுதிவிட்டார்கள். அவன் தன்பாலீர்ப்பாளன் என்பது நாலைந்து பேருக்குத்தான் தெரியும். நெயில் பாலிஷ் ரிமூவரை வாங்கி இருவருமாகத் தேய்த்தோம். எழுத்து போனது, கதவின் வார்னிஷும் சேர்ந்து போனது. புகார் கொடு என்றேன்.

"புகாரில் காரணம் எழுதச் சொல்வார்கள், அக்கா. எதை எழுதுவேன்? அந்தத் தாள் யார் யார் மேசைக்குப் போகும்? விசா வேறு முடியப் போகிறது."

அவன் பயம் வீண் பயமில்லை. விசா முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும். பல்கலைக்கழகத்தின் கடிதம் இல்லாமல் அந்த விண்ணப்பம் நகராது. கடிதம் கொடுக்கும் பல்கலைக்கழகத்திடமே போய்ப் புகார் சொல்ல எந்த வெளிநாட்டு மாணவனுக்குத் துணிவு வரும்? போதாக்குறைக்கு, அதற்கு முந்தைய வருடம் இதே போன்ற தகராறில் விடுதிக் காப்பாளர் ஒருவர் மாணவனின் அப்பாவுக்கே போன் செய்து விவரம் சொல்லியிருந்தார். நல்லெண்ணத்தில்தான் செய்தாராம். அடுத்த பருவத்துக்கு வீட்டிலிருந்து பணம் வரவில்லை. என் எண் படிவங்களில் ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஜூன் மாதத்தில் வானவில் சுவரொட்டி ஒட்டுவதில் பல்கலைக்கழகங்களுக்குத் தனி உற்சாகம். ஒட்டட்டும். மாணவனைக் காப்பதும் காட்டிக்கொடுப்பதும் அலுவலக இழுப்பறைக்குள் இருக்கும் படிவம்தான் என்பது என் எண்ணம். யாரிடம் என்ன தகவல் இருக்கிறது, அதை யாருக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் கொங்கோ நண்பரின் சிக்கலும் இந்தப் பையனின் சிக்கலும் சந்திக்கின்றன. 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கும் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் பாலியல் வாழ்வு பற்றிய விவரத்தைக் கூடுதல் காவலுக்குரிய தனி வகையாக வைத்திருக்கிறது. பதினெட்டு நிரம்பியவர் இங்கே முழு வயதுக்காரர். ஆக, அப்பாவுக்குப் போன் போட வேண்டிய கட்டாயம் அந்தக் காப்பாளருக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. உகாண்டாவிலிருந்து வந்து படிப்பவருக்கு இப்படி ஒரு போன் போனால் என்ன ஆகும்? 2023இல் அங்கே தன்பாலின உறவுக்கு எதிராக வந்த சட்டத்தில் சில வகைக் குற்றங்களுக்கு மரண தண்டனையே உண்டு.

ஆன்ட்டியிடம் பையனைப் பற்றி அவன் அனுமதியோடு சொன்னேன். "நம்மவர்களில் இதெல்லாம் உண்டா?" என்று முகத்தைச் சுளித்தார். நான் வள்ளியம்மையை இழுத்தேன். 1913இல் கேப் மாகாண நீதிபதி சர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் இங்கே செல்லாது என்று தீர்ப்பளித்தார். தாலி கட்டி வாழ்ந்த பெண்கள் ஒரே நாளில் மனைவி இல்லை என்றானார்கள். அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் தமிழ்ப் பெண்கள் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருத்தியான பதினாறு வயது வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிரையே விட்டாள். "உன் கல்யாணம் கல்யாணமே இல்லை என்று அரசாங்கம் சொன்னால் எப்படி இருக்கும் என்று உங்கள் பாட்டிமாருக்குத் தெரியும்" என்றேன். ஆன்ட்டி மனம் மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். "அது வேறு, இது வேறு" என்றுதான் இன்றும் சொல்கிறார். ஆனால் தேர்வு முடியும் வரை மாடி அறையைப் பையனுக்குக் கொடுத்தார், வாடகை கறாராக வாங்கிக்கொண்டு.

பிறகு கொங்கோ நண்பரும் நானும் இன்னும் சிலரும் மாணவர் நலப் பிரிவுக்குக் கூட்டாக ஒரு கடிதம் கொடுத்தோம். கேட்டது இரண்டுதான். மாணவர் எழுதிக் கொடுக்காமல் வீட்டுக்குப் போன் செய்யக் கூடாது; வாசலில் மாணவர் அட்டையைத் தவிர வேறு எதையும் கேட்கக் கூடாது. நடக்காவிட்டால் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் இருக்கிறது, அங்கே மனுப் போடக் கட்டணமும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம் என்பதையும் கடைசி வரியில் பணிவாகச் சேர்த்தோம். முதலாவதற்கு எழுத்தில் சம்மதம் வந்துவிட்டது. பையனின் விசாவும் புதுப்பித்து வந்துவிட்டது. இரண்டாவது 'பரிசீலனையில்' இருக்கிறது. அதுவரை பாஸ்போர்ட் கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், வாசல் எண் மூன்றையும் நண்பர் குறித்துக்கொண்டு வருகிறார். வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பட்டியலை அவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புவது என் வேலை.