சிப்பிகாட்: தரை இறங்கின ஊரு

அந்தமான் போறவங்க முக்காவாசி பேர் செல்லுலார் ஜெயில், ஹேவ்லாக், ஸ்கூபான்னு முடிச்சுட்டு ஃப்ளைட் ஏறிடுவாங்க. போர்ட் பிளேர்ல இருந்து (இப்போ ஸ்ரீ விஜய புரம்) வண்டூர் பீச் போற வழியில சிப்பிகாட்னு ஒரு இடம் வரும், அங்க அவசியம் வண்டியை நிறுத்தச் சொல்லுங்க.

ரோட்டோரம் தண்ணி விரிஞ்சு கிடக்கு, கொக்கு நாரை எல்லாம் நிக்குது, பெரிய லென்ஸ் வச்சிட்டு ரெண்டு மூணு பேர் போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. பார்த்தா ஏதோ பழைய ஏரின்னுதான் தோணும், ஆனா விரலை நனைச்சு நாக்குல வச்சா நல்ல உப்பு. டாக்ஸி அண்ணன் நம்ம தமிழ்தான், அவங்க அப்பா காலத்துலயே இங்க வந்து செட்டில் ஆன குடும்பம். "இதெல்லாம் நெல்லு வெளைஞ்ச வயலு தம்பி, இப்ப நண்டு ஓடுது"ன்னாரு.

சுனாமி தண்ணி வந்து தேங்கிடுச்சுன்னு சொல்லிட்டுப் போயிடலாம், ஆனா அது இல்ல. அலை வந்துச்சு, திரும்பிப் போயிடுச்சு. இங்க தரையே இறங்கிடுச்சு. 2004 டிசம்பர் 26 காலையில வந்த நிலநடுக்கத்துல போர்ட் பிளேர் பகுதி சுமார் ஒரு மீட்டர் கீழ போச்சு, அதோட தென்மேற்கா 3 மீட்டர் கிட்ட நகரவும் செஞ்சுது. ஒரு மீட்டர்னா நம்ம இடுப்பளவு, கடல் மட்டத்தை ஒட்டி இருந்த வயலுக்கு அது போதாதா? அன்னையில இருந்து தினமும் ரெண்டு தடவை கடல் ஏறும்போது தண்ணி உள்ள வருது. நிலம் எங்கயும் போகல, அங்கயேதான் கிடக்கு, விதைக்கத்தான் முடியாது. அந்த விவசாயிங்களை நினைச்சா மனசு கேக்கல.

வண்டூர் பீச்ல பட்டுப்போன பெரிய பெரிய மரங்க வேரோட சாஞ்சு கிடக்கு. அங்க நின்னு மேற்கே பார்த்தா, 40 கிலோமீட்டருக்குள்ள வடக்கு சென்டினல் தீவு. வண்டூர் பக்கம் இறங்கின அதே நேரத்துல அந்தத் தீவு ஒரு மீட்டருக்கு மேல ஏறிடுச்சு, சுத்தி இருந்த பவளப்பாறை தண்ணிக்கு வெளிய வந்து வெயில்ல செத்துப்போச்சு. ஒரே நிலநடுக்கம்தான், ஒரு பக்கம் ஏத்தம் ஒரு பக்கம் இறக்கம்.

எப்படின்னா, இந்தியத் தட்டு (இந்தியாவைச் சுமந்துட்டு நகர்ற பிரம்மாண்டமான பாறைப் பலகை) மேற்குப் பக்கம் இருந்து அந்தமானுக்கு அடியில சொருகிட்டே போகுது. ரெண்டு தட்டும் உரசுற இடம் நூத்துக்கணக்கான வருஷம் இறுகிப்போய் நிக்கும், அப்போ மேல இருக்கிற தட்டோட விளிம்பை கீழ்த்தட்டு இழுத்துட்டே போறதால விளிம்பு தாழும், பின்னாடி இருக்கிற நிலம் மெல்ல மேல உப்பும். வளைச்சுப் பிடிச்ச மூங்கில் மாதிரி. ஒருநாள் பிடி விட்டுச்சுன்னா விளிம்பு துள்ளி மேல வரும், உப்பி இருந்த பின்பக்கம் தொப்புனு இறங்கும். சென்டினல் விளிம்புப் பக்கம், போர்ட் பிளேர் பின்பக்கம், அவ்வளவுதான். 2004ல சுமத்ரால இருந்து வடக்கு அந்தமான் வரைக்கும் 1300 கிலோமீட்டர் நீளத்துக்கு பிடி விட்டுச்சு. அப்படித் துள்ளின கடலடித் தரை தூக்கிவிட்ட தண்ணிதான் நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் வந்து அத்தனை உயிரைக் கொண்டுபோச்சு.

கிரேட் நிகோபார்ல இன்னும் மோசம். தென்கோடி இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல இறங்கிடுச்சு, கரையில நின்ன லைட்ஹவுஸைச் சுத்தி கடல் வந்துடுச்சு. அங்கெல்லாம் டூரிஸ்ட் சும்மா போயிட முடியாது, போட்டோவுலதான் பார்த்தேன்.

இறங்கின போர்ட் பிளேர் அப்புறம் மெல்ல மெல்ல ஏறவும் ஆரம்பிச்சதை ஜிபிஎஸ்ல அளந்திருக்காங்க.

நீங்க போனா தண்ணி வத்தி இருக்கும்போது ஒரு தடவை, ஏறி இருக்கும்போது ஒரு தடவை சிப்பிகாட்ல நிறுத்துங்க. வண்டூர் போகும்போது ஒண்ணு, திரும்பும்போது ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா சரியா வரும், நேரம் மட்டும் டிரைவர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க, அவங்களுக்கு அத்துப்படி.