ஸ்டாம்போலிஸ்கியோடு ஒரு ஜூன்

ஜூன் 3

அலெக்சாந்தர் ஸ்டாம்போலிஸ்கி என்று தேடினால் முதலில் வந்து நிற்பது பிஸ்கட் டின் கதைதான். 1923இல் கொல்லப்பட்ட பல்கேரியப் பிரதமரின் தலையை வெட்டி, டின்னில் போட்டு சோபியாவுக்கு அனுப்பினார்களாம். அதற்கு முன் அந்த மனுஷன் நாற்பத்து நாலு வருஷம் வாழ்ந்திருக்கிறார். அதைப் படிப்போம் என்று உட்கார்ந்தேன்.

பிறந்தது 1879இல், ஸ்லாவோவித்சா கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில். விவசாயப் பள்ளியில் படித்து, கொஞ்ச காலம் வாத்தியார் வேலை பார்த்து, ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் படிக்கப் போய், காசநோயோடு திரும்பினார். விவசாயிகள் சங்கம் 1899 டிசம்பரில் பிளெவென் நகரில் உருவானது. நிலவரிக்குப் பதிலாக விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள அரசு முடிவு செய்திருந்தது. அந்த ஆத்திரத்தில் கூடியவர்கள் அவர்கள். சங்கம் கட்சியாக மாறியது. அதன் பத்திரிகையில் எழுதி எழுதியே இவர் மேலே வந்தார்.

ஜூன் 5

இன்று படித்த இடத்தை இரண்டு முறை படித்தேன். 1915 செப்டம்பர். ஜெர்மனி பக்கம் சேர்ந்து போரில் குதிக்கத் துடிக்கிறார் மன்னர் ஃபெர்டினாண்ட். எதிர்க்கட்சித் தலைவர்கள் அரண்மனைக்குப் போகிறார்கள். ஸ்டாம்போலிஸ்கி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: போரில் இறங்கினால் உங்கள் தலை தப்பாது. அதற்கு மன்னர், என் தலைக்கு வயதாகிவிட்டது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம், நீ சின்ன வயசுக்காரன், உன் தலையைப் பார்த்துக்கொள் என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். அந்தப் பேச்சை வெளியே கொண்டுவந்ததற்கு இவருக்கு ஆயுள் தண்டனை.

மன்னர் வாய் முகூர்த்தம் எட்டே வருஷத்தில் பலித்தது. அவரோ 1948 வரை, 87 வயது வரை இருந்துவிட்டுப் போனார்.

1918இல் போர்முனை சரிந்ததும், கலகம் செய்த சிப்பாய்களைச் சமாதானப்படுத்துவார் என்று இவரைச் சிறையிலிருந்து விட்டார்கள். ராதோமிர் ஊரில் கூடிய சிப்பாய்களோ நாட்டைக் குடியரசாக அறிவித்து, இவரையே அதன் தலைவர் என்றார்கள். சோபியா வாசலில் அந்தக் கலகம் நசுக்கப்பட்டது. ஆனாலும் ஃபெர்டினாண்ட் மகன் போரிஸிடம் பட்டத்தைக் கொடுத்துவிட்டு நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

ஜூன் 9

ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த தேதி இதுதான்.

1919இல் பிரதமரானதும் இவர் செய்த முக்கியமான காரியம், தோற்ற நாட்டின் சார்பில் நெய்யி உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது. 225 கோடி தங்க பிராங்க் இழப்பீடு. ராணுவம் 20,000 பேருக்கு மேல் கூடாது. பெரும் எண்ணிக்கையில் அதிகாரிகள் வேலை இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். மற்றபடி, ஒரு குடும்பத்துக்கு 30 ஹெக்டேர் என்று நில உச்சவரம்பு. ராணுவச் சேவைக்குப் பதிலாக இளைஞர்களுக்குக் கட்டாய உழைப்புச் சேவை, ரோடு போடு, மரம் நடு என்று. எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று.

அப்புறம் 1922 செப்டம்பர் வந்தது. எதிர்த்தரப்பான பழைய கட்சிகளின் தலைவர்கள் கூட்டம் போட ரயிலில் தர்னோவோ போகிறார்கள். தோல்னா ஒர்யாஹோவித்சா நிலையத்தில், இவருடைய கட்சியின் விவசாயத் தொண்டர் படையான ஆரஞ்சுப் படை தடியோடு காத்திருந்தது. முன்னாள் பிரதமர்களையும் இறக்கி அடித்து, தாடியில் கைவைத்தார்கள். இவருடைய சொந்த அமைச்சரான ராய்க்கோ தஸ்கலோவ்தான் குறுக்கே வந்து உயிரைக் காப்பாற்றினார். பிறகு அடிபட்டவர்களையே சிறையில் வைத்தது அரசு! 1920 தேர்தலில் பெரும்பான்மை குறைந்தபோதும், எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 13 பேரின் பதவியைப் பறித்துத்தான் தனி ஆட்சி அமைத்திருந்தார். இதை விவசாயிகளின் கோபம் என்று சொல்லி என்னால் மூடி மறைக்க முடியவில்லை.

1923 ஏப்ரல் தேர்தலில் இவர் கட்சிக்கு 245 இடங்களில் 212. எதிர்க்க ஆளில்லை என்று நம்பியிருக்கலாம். தடிக்கு ஆள் இருந்தது. துப்பாக்கி முழுக்க அடுத்த பக்கம் இருந்தது. வேலை போன அதிகாரிகள் கூடி வைத்திருந்த ராணுவச் சங்கம் ஜூன் 9 அதிகாலையில் சோபியாவைப் பிடித்தது. பொருளாதாரப் பேராசிரியர் த்சான்கோவ் பிரதமர். கம்யூனிஸ்டுகளோ, இது பட்டணத்து முதலாளிக்கும் பட்டிக்காட்டு முதலாளிக்கும் சண்டை என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். செப்டம்பரில் தாங்களே எழுந்தபோது அதே த்சான்கோவிடம் அடிவாங்கினார்கள்.

ஜூன் 14

கவிழ்ப்பு நடந்த அன்று ஸ்டாம்போலிஸ்கி சொந்த ஊரில் இருந்தார். சுற்றுவட்டார விவசாயிகளைத் திரட்டி எதிர்த்துப் பார்த்தார், நிற்கவில்லை. ஜூன் 14இல் பிடித்து, ஊருக்கே கொண்டுவந்து, மாசிடோனியப் புரட்சி அமைப்பின் ஆட்களிடம் விட்டார்கள். அவர்களுக்கு மார்ச் மாதத்துக் கணக்கு பாக்கி இருந்தது: எல்லை தாண்டிப் போய்த் தாக்கும் அவர்களுடைய ஆயுதக் குழுக்களை ஒடுக்க, நிஷ் நகரில் யுகோஸ்லாவியாவோடு உடன்பாடு செய்திருந்தார். சித்திரவதை செய்து, அதில் கையெழுத்துப் போட்ட கையை வெட்டினார்கள். பிறகுதான் தலை. தம்பியையோ அண்ணனையோ விட்டுவைப்போம் என்ற யோசனையும் இல்லை; சகோதரர் வசிலும் கொல்லப்பட்டார்.

ரயில் நிலையத்தில் எதிரிகளைக் காப்பாற்றிய தஸ்கலோவை அதே ஆகஸ்டில் பிராக் நகரில் சுட்டார்கள். அடுத்த வருஷம், சரியாக இதே ஜூன் 14இல், சோபியாவில் பெத்கோ பெத்கோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் இதே கட்சி. அவர் அப்பா திமிதர் பெத்கோவ், 1907இல் பிரதமராக இருந்தபோதே சுடப்பட்டவர். தம்பி நிக்கோலா, விவசாயிகள் கட்சியின் தலைவராகி, 1947 செப்டம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சியில் தூக்கில் ஏற்றப்பட்டார். ஒரே வீட்டில் மூன்று பேர். அடுத்த வாரம் நிக்கோலாவின் வழக்கை எடுக்கிறேன்.