குவெல்ஃபில் மீண்டும் பழகிய கருத்தடை அறுவை சிகிச்சை

வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, தெருநாய்க் கருத்தடை முகாம்களில் பணிபுரிந்த பிறகே நான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக் குவெல்ஃப் நகருக்குக் குடிவந்தேன். இந்நாட்டு அங்கீகாரம் பெறாத கல்லூரியில் பட்டம் பெற்றவர்கள் எழுத்துத் தேர்வோடு கைத்திறன் தேர்வுகளிலும் தேறினால்தான் உரிமம் கிடைக்கும். அவற்றில் பெண் விலங்கின் கருத்தடைக்கு முக்கிய இடம் உண்டு என்று அறிந்தபோது, தெரிந்த வேலைதானே என்று நிம்மதி கொண்டேன். அது சற்று அவசரப்பட்ட நிம்மதி.

தெருநாய்க் கருத்தடை பற்றிய 2001ஆம் ஆண்டு இந்திய அரசின் விதிகளுக்குப் பின் நம் ஊரில் பரவலான முகாம்களின் நோக்கமே வேறு: தெருநாய்களின் பெருக்கத்தையும் வெறிநோயையும் கட்டுப்படுத்துவது. சிறிய வெட்டு, விரைவான கை, காதில் ஓர் அடையாளம், பிடித்த தெருவிலேயே திரும்ப விடுதல் என்று அங்கே வேலை நடக்கும். அது தாழ்ந்த முறையன்று. அத்தனை விலங்குகளுக்கு அதுவே பொருந்தும். இங்கே மேசைமேல் கிடப்பது ஒரு குடும்பத்தின் நாய்.

உரிமம் வரும்வரை ஒரு மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தேன். என்னைவிட வயதில் இளைய தொழில்நுட்பர் ஒருவர், மயக்கநிலையில் இரத்த அழுத்தத்தையும் வெளிமூச்சின் கரியமிலவாயு அளவையும் விடாமல் பதிவு செய்வதையும், வலிநிவாரணி கத்தி படுவதற்கு முன்பே தொடங்கிவிடுவதையும் அருகிருந்து கவனித்தேன். பனிக்கால இரவுகளில் நாற்காலிக் கையில் நூலைச் சுற்றி முடிச்சுப் பழகினேன்.

நாயின் சூலகத்தை வெட்டுவாய்க்குக் கொண்டுவருவதுதான் இதில் கடினமான கட்டம். கடைசி விலா எலும்பின் பக்கமாக அதை இழுத்துப் பிடித்திருக்கும் தசைநார் விரலால் மெல்ல விடுவிக்கப்பட வேண்டும். பலத்தைச் சற்றுக் கூட்டினாலும் அருகிலுள்ள இரத்தக்குழாய் கிழிந்துவிடும். வலது சூலகம் இடதைவிட முன்னே தள்ளி இருப்பதால் இன்னும் சிரமம் தரும். குழாயைக் கிளாம்ப்களால் பிடித்து, நூலால் இறுகக் கட்டி வெட்டியபின், அடிமுனையை உடனே உள்ளே நழுவ விடாமல் இடுக்கியால் பிடித்தபடி இரத்தக்கசிவு உண்டா என்று பார்ப்பது இன்றியமையாதது. சூலகத்தில் சிறு துண்டு எஞ்சினாலும் நாய் மீண்டும் பருவத்துக்கு வரலாம். வயிற்றை மூடும்போது தையலைத் தாங்குவது தசையோ தோலோ அன்று, நடுவே ஓடும் வெண்ணிற நார்க்கோடுதான். தோல் எவ்வளவு அழகாகச் சேர்ந்திருந்தாலும் அங்கே பிடிப்பில்லையென்றால் குடல் வெளிவரும் ஆபத்து உண்டு.

ஆண் பூனையின் விரைநீக்கம் இதனோடு ஒப்பிட மிக எளியது. விந்துநாளத்தையும் இரத்தக்குழாயையும் சேர்த்து அவற்றிலேயே முடிச்சிட்டுவிடலாம். தோலைத் தைக்கவும் தேவையில்லை.

எனக்கு முற்றிலும் புதிதாக இருந்தது உரிமையாளருடன் நடத்தும் உரையாடல். எந்த வயதில் செய்வது என்பது இங்கே திறந்த கேள்வி. கோல்டன் ரெட்ரீவர் நாய்களுக்கு ஒரு வயதுக்கு முன்பே கருத்தடை செய்தால் மூட்டு நோய்கள் கூடலாம் என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வைப் படித்துவிட்டு வருபவர்கள் உண்டு. தள்ளிப்போட்டால் கருப்பையில் சீழ்பிடிக்கும் நோயும் மார்பகக் கட்டியும் வரும் வாய்ப்பு கூடுகிறதே என்பதையும் அவர்களிடம் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற பின் நான் பெரிய இன நாய்களின் உரிமையாளர்களை இதற்கென்றே ஒருமுறை தனியாக வரச்சொல்கிறேன். அறுவை சிகிச்சைக்கான நாளை அதன் பிறகே குறிக்கிறேன்.